பாரம் தூக்குற பாடமும் சமூகவியல் அறிமுகமும் ஒரே செமஸ்டரில்: சமாளிக்கலாமா?

தேயிலைப்பூ

எல்லோருக்கும் வணக்கம். கண்டியில் ஒரு தனியார் கெம்பஸில் விளையாட்டு விஞ்ஞான டிப்ளோமா முதலாம் வருடம் படிக்கிறேன். வீடு ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிய வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் (பாரம் தூக்கி உடம்பை வலுவாக்குகிற பாடம்) கட்டாயப் பாடம், வாரத்துக்கு இரண்டு லெக்சர், ஒரு ஜிம் பிராக்டிகல். அதோடு பொதுப் பாடமாக சமூகவியல் அறிமுகம் அல்லது கணினி. கணினி வகுப்பு நிரம்பிவிட்டதாம். ஏ.எல்.லில் (உயர்தரப் பரீட்சையில்) நான் உயிரியல், அரசாங்கக் கெம்பஸுக்கு வேண்டிய இசட் ஸ்கோர் போதாமல் இங்கே வந்தவள், சமூகவியல் என்றால் என்ன என்றே தெரியாது.

இரண்டையும் சேர்த்து எடுத்தால் சமாளிக்கலாமா? அதைவிட, பாரம் தூக்கப் படிக்கிறவளுக்கு சமூகவியல் எதற்கு? அம்மாவிடம் சொன்னபோது, "பாரம் தூக்குறதுக்குமா காசு கட்டிப் படிக்கணும்?" என்று சிரித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

பழைய_பையன்

தங்கச்சி, நான் இந்த இரண்டையும் ஒரே செமஸ்டரில் எடுத்தவன். சமாளிக்கலாம். ஆனால் கஷ்டம் வரும் என்று நினைக்கிற இடத்தில் வராது, வேறு இடத்தில் வரும்.

ஜிம் பாடம் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வருவது என்று நினைத்துப் போனேன். முதல் மூன்று வாரம் பாரத்தில் கையே வைக்க விடவில்லை. உடம்பு எங்கிருந்து சக்தி எடுக்கிறது என்பதிலிருந்துதான் ஆரம்பம். சுமார் 10 விநாடி வரைக்குமான முழு வேக வேலைக்குத் தசையில் சேமித்திருக்கிற உடனடிச் சக்திப் பொருட்களான ஏ.டி.பி.யும் கிரியேட்டின் பொஸ்பேட்டும், அதற்கு மேல் இரண்டு நிமிடம் வரைக்கும் பெரும்பாலும் ஒட்சிசன் இல்லாமல் குளுக்கோஸை உடைப்பது, அப்புறம்தான் ஒட்சிசன் முழுப் பொறுப்பையும் எடுக்கிறது. (ஒன்று நின்று மற்றது தொடங்குவதில்லை, எல்லாம் ஒன்றாக ஓடுகிறது, பங்குதான் மாறுகிறது. எனக்கு இதிலேதான் மார்க்ஸ் போனது.) நீங்கள் உயிரியல் படித்தவர் என்றபடியால் இந்தப் பகுதி தண்ணீர் பட்ட பாடு.

கணக்கும் உண்டு, பயப்படாதீர்கள். ஒருத்தி 60 கிலோவை 5 தடவை தூக்கினால், ஒரே ஒரு தடவை எவ்வளவு தூக்குவாள் என்று கண்டுபிடிக்க ஒரு வாய்பாடு: தடவையை 30ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டி எடையால் பெருக்குவது. 70 கிலோ வரும். அந்த 70இல் 85 வீதத்துக்கு மேல் வைத்து ஆறு தடவைக்குள் தூக்கினால் வலு, கொஞ்சம் குறைத்து ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை தூக்கினால் தசை பருக்கும். பாடத்தின் முதுகெலும்பு ஒன்றுதான், படிப்படியாகக் கூட்டும் பாரம். டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர் 1940களில் முழங்கால் காயப்பட்ட சிப்பாய்களைப் படுக்கவைக்காமல் பாரம் தூக்கவைத்துக் குணப்படுத்தினார், இன்றைக்கு ஜிம்மில் "மூன்று செட்" (மூன்று சுற்று) என்று சொல்வதெல்லாம் அவருடைய முறையிலிருந்து வந்த பழக்கம்.

சமூகவியல்தான் என்னைப் படுத்தியது. வாரத்துக்கு 40 பக்கம், எல்லாம் இங்கிலீஷ். வாசித்து முடித்தால் "சரி, இப்போது என்ன விடை" என்று தேடுவேன். விடை இருக்காது.

ஹட்டன்_ஓட்டக்காரன்

தங்கச்சி, ஒன்றும் யோசிக்க வேண்டாம், ஜிம் பாடத்தில் நமக்கு ஏ நிச்சயம். மலையில் பிறந்தவங்க நாங்க, நுரையீரல் பெரிசு, ரத்தம் கெட்டி. கொழும்புப் பிள்ளைகள் ரெண்டு சுற்று ஓடிட்டு வாந்தி எடுக்கிறதைப் பார்த்திருக்கேன். நமக்கு அது ரத்தத்திலேயே இருக்கு.

கிரவுண்ட்_சேர்

தம்பி, உற்சாகத்தைக் கெடுக்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். இருபது வருடமாக உடற்கல்வி படிப்பிக்கிறேன், இந்த "மலை ரத்தம்" கதையை ஒவ்வொரு விளையாட்டுப் போட்டியிலும் கேட்கிறேன்.

உயரத்தில் இருந்தால் ரத்தத்தில் ஒட்சிசன் சுமக்கிற சிவப்பணு கூடும் என்பது சரி. ஆனால் எவ்வளவு உயரம்? 1997இல் வெளியான பிரபலமான ஆய்வில் ஓட்டக்காரர்களை 2500 மீட்டரில் தங்கவைத்துக் கீழே இறக்கி 1250 மீட்டரில் பயிற்சி கொடுத்தார்கள். "மேலே வாழ், கீழே பயிற்சி எடு" என்பது அங்கிருந்து பரவியது. ஹட்டன் எத்தனை மீட்டர்? 1300க்குக் கிட்ட. அதாவது அவர்கள் "கீழே" என்று சொன்ன இடம்தான் நம்முடைய மேலே. நுவரெலியா 1868. 2500இல் வாழ வேண்டுமென்றால் பீதுருதலாகலை உச்சியில் (2524) கூடாரம் போட்டால்தான் உண்டு.

அந்தக் கொழும்புப் பிள்ளைகள் வாந்தி எடுத்ததற்குக் காரணம், அவர்கள் பாடசாலைக்கு வான் வண்டியில் போகிறார்கள், நம் பிள்ளைகள் இரண்டு மைல் ஏறி இறங்கி வருகிறார்கள். அது பயிற்சி தம்பி, ரத்தம் இல்லை.

லயத்துக்_காகம்

கிரவுண்ட் சேருக்கு நன்றி, நான் வேறு பக்கத்திலிருந்து அதே மண்டையில் ஒரு குட்டு வைக்கிறேன். "மலையில் பிறந்தவனுக்கு உழைப்பு ரத்தத்திலேயே இருக்கு", இதை முதலில் சொன்னது யார் தெரியுமா ஓட்டக்கார அண்ணா? தோட்டத் துரைமார். இந்த ஜனத்துக்குக் குளிர் தாங்கும், மழை தாங்கும், பொம்பளைகளுக்கு விரல் மெல்லிசு, கொழுந்து பறிக்கவே பிறந்தவர்கள். பிறப்பிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை பாருங்கள். நாம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

தேயிலைப்பூ, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். பிறப்பால் ஒட்டவைக்கப்படுவது எது, நீங்களாகச் சம்பாதித்தது எது என்று பிரித்துப் பார்ப்பது சமூகவியலில் முதல் மாதப் பாடம்.

மஸ்கெலியா_மழை

இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. சமூகவியல் படித்த எங்கள் அக்கா நாலு வருடம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்து கடைசியில் ஒரு பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு இடத்தில்) வேலைக்குப் போனார். ஜிம் சான்றிதழ் வைத்திருந்தால் கொழும்பிலோ டுபாயிலோ ட்ரெய்னர் வேலை கிடைக்கும். காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அதைச் சொல்லுங்க.

பழைய_பையன்

சொல்லுகிறேன். ஜிம் சான்றிதழிலும் தரம் உண்டு. அமெரிக்காவில் 1978இல் தொடங்கிய வலுப் பயிற்சியாளர் சங்கம் ஒன்று இருக்கிறது, என்.எஸ்.சி.ஏ., அவர்கள் கொடுக்கும் சி.எஸ்.சி.எஸ். சான்றிதழைத்தான் பெரிய அணிகள் கேட்கின்றன. அந்தப் பரீட்சைக்குப் பட்டம் வேண்டும், டிப்ளோமா போதாது. ஆகவே தங்கச்சி, டிப்ளோமாவோடு நிற்காமல் பட்டத்துக்கு மாற முடியுமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அரசாங்கப் பக்கத்தில் பெலிஹுல்ஓயாவில் சபரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது, ஆனால் அதற்கு மறுபடி இசட் ஸ்கோர்.

மழை அண்ணா சொன்னதும் பொய் இல்லை. ஒரு பாடத்தை மட்டும் வைத்து யாரும் வேலை தருவதில்லை.

தேயிலைப்பூ

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இங்கே இருந்ததை எல்லாம் வாசித்துவிட்டு ஒரு விஷயம் குடைந்துகொண்டே இருக்கிறது, முட்டாள்தனமான கேள்வி என்றால் மன்னியுங்கள்.

பாரம் சுமந்தால் உடம்பு வலுவாகும் என்றுதானே பாடமே. அம்மா 22 வருடமாகச் சுமக்கிறார். எங்கள் தோட்டத்தில் நாளுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும், குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்). அந்தக் கணக்குப்படி அம்மா இந்நேரம் பளுதூக்கும் வீராங்கனையாக இருக்க வேண்டும். ஆனால் படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கழுத்தில் இரவு முழுக்க எண்ணெய் தேய்க்க வேண்டும். எது பிழை, பாடமா அம்மாவா?

கிரவுண்ட்_சேர்

மகள், இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. என் லெக்சரர்களிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கேட்கவில்லை.

பாடத்தில் பாதியைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பாரம் உடம்பை வலுவாக்குவதில்லை. பாரம் உடம்பைக் களைக்க வைக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருகிற ஓய்விலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும்தான் உடம்பு தன்னைத் திருத்திக் கட்டுகிறது. ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936இல் எழுதியதை வைத்துத்தான் பயிற்சியாளர்கள் இதை விளக்குவார்கள்: அதிர்ச்சி, தாக்குப்பிடித்தல், அதற்குப் பிறகும் நெருக்கடி விடாவிட்டால் சோர்ந்து விழுதல். ஜிம்மில் கனமான செட் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் உட்காரச் சொல்கிறோம். மலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் கங்காணி என்ன சொல்வார்?

அப்புறம் "படிப்படியாக" என்பது. அம்மாவின் பாரம் படிப்படியாகக் கூடவில்லை, 22 வருடமும் அதேதான். அதே பாரத்துக்கு உடம்பு முதல் சில மாதத்தில் பழகிவிடும், அதற்கு மேல் வலு கூடாது, தேய்மானம்தான் கூடும். பாரத்தோடு இறக்கத்தில் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. பழகாதவனுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் தசை வலி பின்னும், பழகிய உடம்புக்கு அந்த வலி வராது. ஆகவே அம்மாவுக்கு நோவது தசை இல்லை, மூட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது, வைத்தியரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு. வலுப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பார்கள். 50 கிலோ என்றால் குறைந்தது 70 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேகாத பருப்பில் 24 கிராம் வரும். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், பகலுக்கும் அதே ரொட்டி, இடையில் பிளேன்டீ. நீங்களே கூட்டிப் பாருங்கள்.

மஸ்கெலியா_மழை

சேர், ஒரு திருத்தம். 18 கிலோவை ஒரே தடவையில் யாரும் சுமக்கிறதில்லை. காலை, பகல், பின்னேரம் என்று மூன்று தடவை நிறுப்பாங்க. கூடையில் ஒரு நேரத்தில் ஏழு எட்டு கிலோதான். மழை நாளில் ஈரத்தோட பத்து. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று தராசில் கழிச்சிருவாங்க, அது வேற கதை. முதுகில சுமந்தது பத்து, புத்தகத்தில எட்டு.

பழைய_பையன்

மழை அண்ணா, அந்தப் பத்து கிலோவை வைத்து ஒன்று சொல்லட்டுமா? கென்யாவில் தலையில் சுமை தூக்கும் பெண்களை ட்ரெட்மில்லில் ஏற்றி அளந்தார்கள், 1986இல் முடிவு வெளியானது. ஒரு இனத்துப் பெண்கள் உச்சந்தலையில் வைத்துச் சுமப்பவர்கள், இன்னொரு இனத்தவர் நெற்றியில் பட்டி போட்டு முதுகில் தொங்கவிடுபவர்கள், கிட்டத்தட்ட நம் கூடைக் கயிறு மாதிரி. உடல் எடையில் 20 வீதம் வரைக்கும் அவர்களுக்கு மேலதிகச் சக்தியே செலவாகவில்லை, சும்மா நடப்பது போல. அதே சுமையைப் பையில் சுமந்த இராணுவப் பயிலுநர்களுக்குச் சக்திச் செலவு கூடியது. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 20 வீதம் எவ்வளவு? பத்து கிலோ.

ஆகவே அம்மாவுக்கு வலு இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அவரிடம் ஒரு தொழில்நுட்பம் இருக்கலாம், அதை நம் தீவில் யாரும் ட்ரெட்மில்லில் ஏற்றிப் பார்க்காமல் இருக்கலாம்.

லயத்துக்_காகம்

அதற்குப் பெயரே இருக்கிறது அண்ணா. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1934இல் ஒரு சொற்பொழிவில் "உடலின் நுட்பங்கள்" என்றார். நடப்பது, நீந்துவது, குந்துவது எல்லாமே இயற்கை என்று நினைக்கிறோம், எல்லாம் சமூகம் கற்றுக்கொடுத்தது என்பது அவர் வாதம். சிப்பாய்கள் மண்வெட்டி பிடிப்பதைக்கூட உதாரணமாகச் சொன்னார், ஆங்கிலேயச் சிப்பாய்க்கு பிரெஞ்சு மண்வெட்டி ஓடவில்லையாம். கூடைக் கயிற்றை எந்த இடத்தில் போட வேண்டும் என்று உங்கள் அம்மாவுக்கு அம்மாயிதானே காட்டிக்கொடுத்திருப்பார்? பாருங்கள், இரண்டு பாடமும் ஒரே உடம்பைத்தான் பார்க்கின்றன.

ஆனால் எனக்கு முக்கியம் மற்றது. கிரவுண்ட் சேர் ஓய்வு, சாப்பாடு, தூக்கம் என்றார். சரி, அந்த மூன்றும் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, அதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஜிம் பாடம் அந்த வாசலில் வந்து நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே கூட்டிப்போவது சமூகவியல்.

ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959இல் இதை அழகாகப் பிரித்தார். ஒரு லட்சம் பேர் உள்ள நகரத்தில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவனுடைய சொந்தத் தொல்லை, அவனுடைய திறமையைப் பார். ஐந்து கோடி உழைப்பாளர்களில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அது பொதுப் பிரச்சினை, ஒவ்வொருவனுடைய திறமையையும் தோண்டிப் பயனில்லை. எங்கள் தாத்தாவுக்குச் சாகும்வரை அடையாள அட்டை இல்லை. "அந்த மனுசன் கச்சேரிக்கு (அரசாங்கக் கந்தோருக்கு) போய் அலையப் பஞ்சிப்பட்டார்" என்று பாட்டி கடைசி வரைக்கும் திட்டினார். தோட்டத் தமிழரைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றி லெக்சரில் கேட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது, லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் பஞ்சி வருமா? இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம், அப்புறம் மிச்சப் பேருக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003 சட்டம் வரைக்கும் இழுபட்ட விஷயம் அது. பாட்டி உயிரோடு இல்லை, சொல்லியிருந்தால் திட்டுவதை நிறுத்தியிருப்பாரோ என்னவோ.

சமூகவியல்_அக்கா

காகம் நல்லாத்தான் கத்துது. நான் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தில் ஒரு கள ஆய்வு அசைன்மென்ட் வரும், பிள்ளை தன் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீடுகளுக்கே) போய்ச் செய்யப் போகும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது.

நானும் அதைத்தான் செய்தேன். தராசுக் கழிவைப் பற்றிப் பத்துப் பேரிடம் கேட்டேன், எல்லோரும் தெரிந்த பெரியம்மா, சித்திமார், சந்தோஷமாகப் பேசினார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கினேன். இரண்டு நாளில் கங்காணி காதுக்குப் போய்விட்டது, யூனியனுக்கு எழுதிக்கொடுக்கிறாள் என்று. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, நான் கெம்பஸுக்குத் திரும்பிவிட்டேன். அம்மாவைத்தான் ஒரு வாரம் தூரத்துச் செங்குத்து மலைக்கு அனுப்பினார்கள். எனக்கு ஏ மைனஸ் கிடைத்தது. அந்த மார்க்கை இன்றைக்கும் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

ஆகவே தங்கச்சி, உங்கள் தோட்டத்தை எடுக்காதீர்கள். கெம்பஸ் ஜிம்மையே எடுங்கள். யார் எந்த நேரத்தில் வருகிறார்கள், பெண்கள் ஏன் ட்ரெட்மில் பக்கம் மட்டும் நிற்கிறார்கள், பாரம் மாட்டித் தூக்குகிற இரும்புப் பார் இருக்கிற மூலைக்கு ஏன் போவதில்லை, கண்ணாடிக்கு முன்னால் யார் நிற்கிறார்கள். மூன்று மாலை நோட் புத்தகத்தோடு உட்கார்ந்தால் போதும், அசைன்மென்ட் தானாக எழுதப்படும். அங்கேயும் கேட்காமல் யாருடைய பெயரையும் எழுதக் கூடாது.

கலைச்சொற்களுக்கு ஏ.எல். தமிழ்ப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். சமூகமயமாதல், வகிபாகம் (ரோல்), அடுக்கமைவு (சமூகத்தின் மேல் கீழ் வரிசை), அசைவியக்கம் (அந்த வரிசையில் ஏறுவது இறங்குவது). தமிழில் ஒரு தடவை பிடிபட்டால் அப்புறம் அந்த 40 பக்கம் பத்துப் பக்கம் மாதிரி ஓடும்.

ஹட்டன்_ஓட்டக்காரன்

பார் மூலைக்குப் பொம்பளைப் பிள்ளைகள் போகாததுக்கு ஆராய்ச்சி வேறயா, போனா ஆம்பளை மாதிரி உடம்பு வந்திரும்னு பயம்.

கிரவுண்ட்_சேர்

வராது தம்பி. முதல் ஆறேழு வாரத்தில் கூடுகிற வலு பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது, தசை பருப்பதால் இல்லை. அதற்குப் பிறகும் பெண்களுக்கு ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் குறைவு என்பதால் அந்த அளவுக்குப் பருக்காது. கூடை சுமந்து நாற்பது வருடம் ஆன பெரியம்மாமாரைப் பார்த்து யாரும் "ஆம்பளை மாதிரி" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறீர்களா? பாரம் சுமப்பது அசிங்கம் இல்லை, அதை ஆசைப்பட்டுச் சுமந்தால்தான் சிலருக்குக் கண்ணில் குத்துகிறது.

ஹட்டன்_ஓட்டக்காரன்

சரி சேர். இன்றைக்கு எனக்கு நல்ல நாள் இல்லை போல.

தேயிலைப்பூ

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், பஸ்ஸிலேயே பாதி நேரம் போகிறது. இரண்டையும் எடுத்துவிட்டேன். சமூகவியலில் முதல் கட்டுரைக்கு சி பிளஸ், "வாதம் எங்கே?" என்று சிவப்பில் எழுதித் தந்தார்கள். ஜிம்மில் ஸ்குவாட் (பாரத்தோடு குந்தி எழும்புவது) வெறும் பாரோடு தொடங்கி (அதுவே 20 கிலோ) இப்போது 35இல் நிற்கிறேன். அக்கா சொன்ன மாதிரி ஜிம்மில் மூன்று மாலை உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் நானே எழும்பிப் பார் மூலைக்குப் போய்விட்டேன், அதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

போன போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது டெட்லிஃப்ட் எப்படி என்று அம்மாவுக்குக் காட்ட, தண்ணீர்க் கேன் இரண்டை வைத்து இடுப்பை மடக்கித் தூக்கிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அதே கேன்களை முதுகு கொஞ்சமும் வளையாமல் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "இதுக்கு அரைப் பேரா முழுப் பேரா?" என்று கேட்டார். முழங்காலைக் காட்ட அடுத்த சனிக்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன்.

அடி தட்டையான சப்பாத்து வேண்டும் என்று பயிற்றுநர் சொல்கிறார். ஓடுகிற சப்பாத்தில் ஸ்குவாட் செய்யக் கூடாதாம். கண்டியில் எங்கே மலிவாக வாங்கலாம்?

பழைய_பையன்

வாங்காதீர்கள். பாடசாலைக்குப் போட்ட வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்து வீட்டில் கிடக்கும், அதுவே போதும். நான் இரண்டு வருடம் அதில்தான் தூக்கினேன்.